கிறேஸ் அக்காவிடம் ஒப்படைக்கப்பட்ட பிள்ளை

கிறேஸ் அக்கா காலமாகிவிட்டார் என்ற செய்தி, வார்ட்டில் மருந்து கொடுத்துக்கொண்டிருந்தபோது எனக்கு வந்தது. உடனே ஓட முடியவில்லை. மிச்சக் கட்டில்களையும் முடித்துவிட்டுத்தான் போனேன். அவரோடு ஒரே வார்ட்டில் தாதியாக வேலை செய்த காலத்தில் வந்த பழக்கம் அது.

நம் சபையில் சிலருக்கு அவர்மேல் மனத்தாங்கல் இருந்தது. அது சபியா என்ற பிள்ளையை முன்னிட்டு வந்தது. இளையவர்களுக்குத் தெரியாது, ஆகையால் சொல்கிறேன்.

மூதூரிலிருந்து காய்ச்சலோடு கொண்டுவரப்பட்ட ஒரு தாய் எங்கள் வார்ட்டில் இறந்தார். கணவரைக் கடல் முன்னரே கொண்டுபோயிருந்தது. ஒரே தம்பி கப்பல் வேலைக்குப் போனவர். எந்தத் தேசத்தில் என்று தெரியாது. சாகுமுன் அந்தத் தாய், நடை பழகாத தன் பெண் குழந்தையைக் கிறேஸ் அக்காவின் மடியில் வைத்து, "தம்பி வரும் மட்டும் பாத்துக்கொள்ளுங்க, மிஸ்ஸி. எங்கட மார்க்கத்திலயே வளருங்க" என்று கேட்டார். அருகில் வேறொருவரும் இருக்கவில்லை.

கிறேஸ் அக்கா மணம் முடிக்காதவர். சபியா அவரை அம்மா என்றுதான் கூப்பிட்டாள். அவர் ஆராதனைக்கு வரும் நேரத்தில் பிள்ளை அடுத்த தெருவில் ஒரு முஸ்லிம் பெண்ணிடம் குர்ஆன் ஓதப் போவாள். நோன்பு மாதத்தில், விடியுமுன் எழும்பி அவளுக்குச் சமைத்துக் கொடுத்துவிட்டு வேலைக்கு வருவார்.

ஒருமுறை சபை மூப்பர் ஒருவர் அவரிடம், "பிள்ளைக்கு ஞானஸ்நானம் குடுத்துவிடுங்கோ. பிறகு ஒருத்தரும் உரிமை கேட்டு வர ஏலாது. தாய் சொன்னதை ஆர் கேட்டது?" என்றார்.

"நான் மட்டும்தான் கேட்டனான், ஐயா. அதாலதான் மாத்த ஏலாது."

திரும்பும் வழியில் என்னிடம் சொன்னார்: "ஆண்டவரை அவளுக்குச் சொல்ல எனக்கு ஆசையில்லையெண்டோ நினைக்கிறாய்? ஆனா அந்தத் தாய்க்குக் குடுத்த வாக்கை முறிச்சுப்போட்டு அவருக்கு முன்னால போய் நிக்க ஏலாது."

சபியா பள்ளிக்கூடம் போகத் தொடங்கிச் சில வருடங்களின் பின் அந்தத் தம்பி வந்தார். தாயோடு பிள்ளையும் இறந்துவிட்டதாகவே அவர் கேள்விப்பட்டிருந்தார். தன் அக்காவை அடக்கம் செய்த இடத்தை விசாரிக்கத்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தார். கிறேஸ் அக்காவிடமே கேட்டார். நான் பக்கத்தில் நின்றேன். இடத்தை மட்டும் சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் கிறேஸ் அக்கா, "பிள்ளை இருக்கிறா, தம்பி. எங்கட வீட்டில" என்றார்.

மூதூருக்குப் போகும் லோஞ்ச் படகு புறப்படும் இறங்குதுறையில் பிள்ளை அவருடைய சேலையை விடவில்லை. விரல்களைக் கழற்றி, "மாமாவோட போங்கோ, மகள்" என்று சிரித்தபடியே ஏற்றிவிட்டார்.

பின்னர் அவர்கள் கந்தளாயில் குடியேறினார்கள். முதலில் சபியா பெருநாளுக்கு வந்து பார்த்தாள். பிறகு அதுவும் நின்றது. ஓர் ஆத்துமாவைக் கைநழுவ விட்டார் என்று நம்மில் சிலர் பேசினார்கள்.

அடக்கத்தின் மறுநாள் சபியா கைக்குழந்தையோடு வந்தாள். செய்தி பிந்தித்தான் கிடைத்ததாம். கல்லறை மண்ணருகே நின்று என்னிடம் கேட்டாள்: "அன்ரி, அண்டைக்கு அம்மா அழவேயில்லை. நான் அவவுக்குப் பாரமா இருந்தனானோ?"

அந்த நினைப்போடுதான் இத்தனை காலம் வராமல் இருந்திருக்கிறாள்.

"லோஞ்ச் மறையும் மட்டும் அழயில்லை, மகள். அழுதா நீங்கள் போகமாட்டியள் எண்டு அவவுக்குத் தெரியும். பிறகு விழுந்திட்டா. நான்தான் தாங்கிக் கூட்டிக்கொண்டு வந்தனான்."

சபியா மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

கிறேஸ் அக்காவின் பொருளொன்றும் என்னிடம் இல்லை. விசுவாசமாய் இருப்பதற்கு எவ்வளவு பாரம் உண்டென்பதை, அன்று அவரைத் தாங்கிய என் கைகள் அறியும். அதையே வைத்துக்கொள்கிறேன்.