சோத்தாங்கைப் பக்கம் கடல்

நேற்று பொருட்காட்சிக் கூட்டத்தில் என் மகள் சிறிது நேரம் காணாமல் போய்விட்டாள். கிடைத்துவிட்டாள். ஆனாலும் இன்று காலையில்கூட அவள் கையை நான் விடவில்லை. என் நைனாவின் ஈர வேட்டி கண்ணிலேயே நிற்கிறது.

ராயபுரத்தில் கட்டுமரம் வைத்திருந்தார் நைனா. காணும் பொங்கல் ஒரு நாள்தான் ஓய்வு என்பார். நான் சிறுமியாக இருந்த ஒரு வருஷம் அம்மாவையும் என்னையும் டிராமில் ஏற்றிப் பட்டணம் காட்ட அழைத்துப் போனார். மியூசியத்துக்கு எங்கள் பக்கத்தில் செத்த காலேஜ் என்று பெயர். அங்கே திமிங்கில எலும்பைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, “எலும்பு கீது, சரி. புட்ச்ச வலை எங்க கீது?” என்று காவல்காரரைக் கேட்டார்.

பிறகு கடற்கரை. மணல் தெரியாத கூட்டம். நைனா குனிந்து என்னிடம் சொன்னார்: “கைய வுட்டுட்டா பயப்படாத கண்ணு. கடல சோத்தாங்கை பக்கமா வச்சிகினு நடந்துகினே இரு. வூடு வந்துரும்.”

பயாஸ்கோப் பெட்டிக்குள் டில்லியைப் பார்த்துவிட்டுத் தலையை எடுத்தபோது இருவரையும் காணவில்லை. நான் பயப்படவில்லை. புது மஞ்சள் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தேன். பாலம் வந்தது, கோட்டை வந்தது. ஹைகோர்ட் உச்சியில் விளக்கு சுழலத் தொடங்கியது. துறைமுக மதில் கடலை மறைத்தாலும், கப்பல்களின் புகைபோக்கிகள் மதிலுக்கு மேலே என்னோடு நடந்து வந்தன.

“எங்கடி உங்க நைனா?” என்றாள் பக்கத்து வீட்டு அத்தை.

“ரெண்டு பேரும் தொலைஞ்சி பூட்டாங்க அத்த. வந்துருவாங்க.”

அவள் போட்ட மீன்குழம்புச் சோற்றைத் தின்றுகொண்டிருந்தபோது வந்தார்கள். அம்மா என்னைப் பார்த்ததும் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். நைனாவின் தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. பொங்கலுக்கு எடுத்த வேட்டி முழுக்க மணல்.

“நான் இல்லாதப்ப கடல்ல குளிச்சியா நைனா?”

“வெயிலு பேஜாரா இருந்துச்சி கண்ணு” என்றார். இருட்டி வெகுநேரமாகியிருந்தது.

அலையில் ஒரு மஞ்சள் பாவாடை உருண்டதாக யாரோ சொன்னதையும், இருட்டிய பிறகும் அவர் முங்கி முங்கித் தேடியதையும் அம்மா என் கல்யாணத்துக்குப் பிறகுதான் சொன்னாள். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், என்னை விட்டுவிட்டு அவர் தனியாகக் குளித்தார் என்பதுதான்.

மறுநாள் அவர் கடலுக்குப் போகவில்லை. நாள் முழுக்க என் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். நான் அவரோடு டூ விட்டிருந்தேன்.