புதுப் புளோக்கில் படி கூட்டிய காலம்

ஊருக்கெல்லாம் புது வீட்டுப் படியைக் கூட்டிக் கழுவிவிட்டு, சாயங்காலம் நம் பொந்துக்குள் திரும்பி நுழைகிற வேலை இருக்கிறதே, துடைப்பம் பிடித்தவர்களுக்குத்தான் அந்த ஏக்கம் புரியும்.

அறுபதுகளில் சிங்கப்பூர் புக்கிட் மேராவில் எழும்பிய அடுக்குமாடிப் புளோக்குகளில் எனக்கு அந்த வேலை. நாங்கள் இருந்ததோ தேக்காவில், ஒரு கடைவீட்டு மாடியில், பலகை தடுத்த அறை. குழாய்க்கு விடியும் முன்னே வரிசை. என் பொண்ணு தவழ ஆரம்பித்திருந்தாள்; தவழத்தான் இடமில்லை. அரசாங்க பிளாட்டுக்கு எழுதிப் போடலாமா என்றால் என் வீட்டுக்காரர், "அந்தரத்துல போய் யாரு குடியிருப்பா?" என்பார். எதிர்த்துப் பேச எனக்கு வாய் வராது.

லிப்ட் வாசலில்

ஒருநாள் கீழே லிப்டுக்கு முன்னால் வரிசையாகச் செருப்புகள். யாரோ விட்டுப்போனது என்று ஓரமாகத் தள்ளிவைத்தேன். கொஞ்ச நேரத்தில் புதிதாகக் குடிவந்த குடும்பம் வெறுங்காலோடு படியிறங்கி வந்தது. கழற்றிவிட்டு லிப்டில் ஏறியிருக்கிறார்கள்! நான் சிரிப்பை அடக்குவதைப் பார்த்துவிட்டு அந்த அம்மா சொன்னார்: "நீ இப்படிப் பளபளன்னு தொடச்சு வெச்சா, யாருக்கும்மா செருப்போட ஏற மனசு வரும்?"

பால் காய்ச்சிய வீடு

இன்னொரு வீட்டில் மூன்று செங்கல் வைத்து, விறகு மூட்டிப் பால் காய்ச்சினார்கள். புகை நடைபாதைக்கு வந்துவிட்டது. பக்கத்து வீட்டுச் சீன அம்மா தண்ணீர் வாளியோடு, "அப்பி! அப்பி!" என்று அலறிக்கொண்டு ஓடிவந்தார். மலாயில் நெருப்பு என்று அர்த்தம். வாசலில் நின்றவர் ஊரிலிருந்து அப்போதுதான் கப்பலில் வந்திருந்த அந்த வீட்டுக்காரரின் மச்சான். மலாய் தெரியாது, இங்கிலீஷ் ரெண்டு வார்த்தை தெரியும். கைகூப்பிச் சொன்னார்: "ஆமாம்மா, எங்களுக்கும் ரொம்ப ஹேப்பி! உள்ள வந்து பாயசம் சாப்பிடுங்க!"

நாலாவது மாடியில்

வீட்டுக்காரருக்கு லீவான ஒருநாள், சோற்றுத் தூக்கை மறந்துவிட்டு வேலைக்கு வந்துவிட்டேன். மறந்தேன் என்றுதான் இன்றைக்கும் அவரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். தூக்கை ஒரு கையிலும் பொண்ணை இன்னொரு கையிலும் எடுத்துக்கொண்டு, லிப்டை நம்பாமல் படியேறி, மூச்சு வாங்க மேலே வந்தார். நான் கூட்டிக்கொண்டிருந்த காலி வீட்டில் அவளை இறக்கிவிட்டார். குழாயைத் திறந்து பார்த்தார், மூடினார், மறுபடியும் திறந்தார். திரும்பினால் பொண்ணைக் காணோம்.

"ஏய், பிள்ளை எங்கடி?" என்று பதறிப்போனார். அவள் பின்னறையில் தரையைத் தட்டித் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள். தூக்கிக்கொண்டு, அறையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார்: "பெத்த பிள்ளையத் தேடுற அளவுக்கு இடம் இருக்கு. நாளைக்கே போய் எழுதிப் போட்டுருவோம்லா."

ஆசைப்பட்ட வீடும் வந்து சேர்ந்தது, கூட்டுகிற வேலைதான் எனக்கு ரெண்டாகிப் போனது.