ஐந்நூற்றுப் பத்து கிராம்

செந்தமிழன் நன்றாக ஸ்னூக்கர் ஆடுவான் என்று யாராவது புகழ்ந்தால் அவனுக்குப் பிடிக்காது. "ஆடுறதெல்லாம் யாரும் ஆடலாம் மாப்ள, ஸ்டிக் பாக்கத் தெரியணும்" என்பான். கீரமங்கலம் பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் மண்டியில் அவனுக்கு வேலை. மல்லிகை மூட்டையை ஒரு கையால் தூக்கி, எடையைச் சொல்லிவிட்டுத்தான் தராசில் வைப்பான். தராசு பெரும்பாலும் அவன் பேச்சைக் கேட்கும். மார்க்கெட் முடிந்து, சாப்பிட்டுத் தூங்கி எழுந்து, சாயங்காலம் செல்போன் கடை மாடியில் ஜெரால்டு நடத்துகிற ஸ்னூக்கர் கிளப்புக்கு வந்துவிடுவான். ஜெரால்டு சிங்கப்பூரில் சம்பாதித்ததை எல்லாம் அந்தப் பச்சை மேஜையில் கொட்டியிருந்தான்.

நான் மளிகைக் கடைக்காரன், அவனோடு ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவன். எடை விஷயத்தில் என் கை சுத்த மோசம். ஒரு கிலோ சீனியையும் முக்கால் கிலோவையும் கைக்கொன்றாகக் கொடுத்தால் முழிப்பேன். "தராசு கெட்டுப்போனா நீ கடையச் சாத்திட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்" என்று ஊர் கேட்கச் சொல்லுவான். கோபம் வரும். ஆனால் அவன் சொன்னது உண்மை.

எனக்கு ஸ்டிக் வாங்கிய அன்று நடந்ததைச் சொன்னால் அவனைப் புரிந்துகொள்ளலாம். ஜெரால்டு ஒரு பெட்டி நிறைய இறக்கியிருந்தான். நான் பளபளவென்று இருந்த ஒன்றை எடுத்தேன். செந்தமிழன் அதைப் பிடுங்கிப் பெட்டியில் போட்டான்.

"மாப்பிள்ளைக்குப் பொண்ணா பாக்குறோம், பளபளப்பப் பாக்குற? கண்ண மூடு."

மூடினேன். குனிய வைத்தான். ஒவ்வொன்றாகக் கையில் கொடுத்து, பந்து இல்லாமலே முன்னும் பின்னும் இழுக்கச் சொன்னான். லேசான ஸ்டிக் என் முரட்டுக் கையில் துள்ளியது. இன்னொன்றில் அடிப்பக்கம் கனம் கூடிப்போய், நுனி மேலே எழும்பியது. பிறகு ஒன்றைக் கொடுத்தான். இழுத்தேன், இழுத்தேன், அதைப் பற்றி ஒன்றுமே தோன்றவில்லை.

"என்ன தெரியுது?"

"ஒண்ணும் தெரியலடா."

"அதான் ஒன் ஸ்டிக். கையில இருக்கதே மறந்துபோச்சுன்னா அதுதான் சரியான கனம்."

அவனுடைய ஸ்டிக் ஐந்நூற்றுப் பத்து கிராம். வாங்கிய அன்றே கையில் பிடித்துச் சொன்னான். என் கடைத் தராசில் வைத்தோம், ஐந்நூற்றுப் பத்து. ஜெரால்டு கைதட்டினான். அதிலிருந்து கிளப்பில் அந்த எண்தான் அவனுக்குப் பட்டப்பெயர்.

போன ஐப்பசி மழையில்தான் ஆரம்பித்தது. பொங்கலுக்கு அறந்தாங்கி கிளப்போடு போட்டி. கீரமங்கலத்துக்காக ஆடப்போவது இவன். நாள் முழுக்க அதே பேச்சு. ஒரு சாயங்காலம் ஸ்டிக்கைக் கையில் வாங்கியவன் முகம் சுளித்தான்.

"கனமா இருக்குடா. மழை ஈரத்தக் குடிச்சிருச்சு."

மரம் ஈரம் குடிக்கும்தானே. நாங்கள் யாரும் மறுத்துப் பேசவில்லை. அவன் கை ஒன்றைச் சொன்னால் அதற்கு மேல் கிளப்பில் அப்பீல் கிடையாது. மறுநாள் என் கடைக்கு ஸ்டிக்கோடு வந்து, நனைந்த செல்போனைப் புதைக்கிற மாதிரி, அடிப்பக்கத்தை அரிசி மூட்டைக்குள் செருகிவிட்டுப் போனான். வருகிற பொம்பளைகள் எல்லாம், "என்னண்ணே, அரிசிக்கு ஊன்றுகோல் குடுத்திருக்கீங்க?" என்று கேட்டுச் சிரித்தார்கள்.

அரிசி ஈரத்தை உறிஞ்சியும் கனம் குறையவில்லை. ஸ்டிக்கின் அடியில் ரப்பரைக் கழற்றினால் எடைக்காக ஒரு இரும்பு போல்ட் இருக்கும். அதையும் எடுத்துவிட்டான். இப்போது முன்பக்கம் கனத்துப்போய், கோணல் மாணலாக அடித்தான். சுலபமான சிவப்புப் பந்துகூடக் குழியின் வாயில் போய் நின்றது. ஆட்டத்துக்கு ஆட்டம் கையைத் தொடையில் துடைத்துக்கொண்டான். ஸ்டிக்கைத் திட்டினான், மழையைத் திட்டினான், ஜெரால்டைத் திட்டினான்.

போட்டிக்கு இரண்டு வாரம் இருந்தபோது எனக்குப் பொறுக்கவில்லை. ஸ்டிக்கையும் போல்ட்டையும் கடைக்கு எடுத்துவரச் சொல்லி, இரண்டையும் சேர்த்துத் தராசில் வைத்தேன். ஐந்நூற்றுப் பத்து.

"ஒன் தராசு தப்பு."

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "முத்திரை போட்ட தராசுடா! ஊரே இதுலதான் அரிசி பருப்பு வாங்குது, ஒனக்கு மட்டும் தப்பாக் காட்டுமா?" என்று கத்தினேன். எடைக்கல்லை எடுத்து வைத்தும் காட்டினேன். தராசு இம்மி பிசகவில்லை.

அவன் தராசைப் பார்த்தான். ஸ்டிக்கைப் பார்த்தான். பிறகு வலது கையை விரித்து, புதிதாகப் பார்ப்பவன் மாதிரி பார்த்தான். நானும் அப்போதுதான் கவனித்தேன். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே சதை இருக்க வேண்டிய இடத்தில் பள்ளம் விழுந்திருந்தது.

"அப்ப ஸ்டிக் இல்ல," என்றான். "கைதான்."

அவன் கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தான். டீ சொன்னேன். அவன் குடிக்கவில்லை.

தஞ்சாவூர் போனோம், பிறகு மதுரை போனோம். நரம்பு வியாதி, தசை ஒவ்வொன்றாகக் கரையும், நிறுத்த மருந்து கிடையாது என்று டாக்டர் சொன்னார். முன்னாலேயே வந்திருந்தாலும் இதேதான் என்றும் சொன்னார். அதைக் கேட்டு அவன் மனைவி அன்புமொழி அழுதாள். எங்களை ஆறுதல்படுத்தத்தான் சொன்னாரோ என்னவோ, எனக்கு அந்த மனுஷன் மேல் ஆத்திரம்தான் வந்தது.

பொங்கல் போட்டியில் ஜெரால்டு ஆடித் தோற்றான். செந்தமிழன் நாற்காலியில் உட்கார்ந்து கடைசி வரை பார்த்தான்.

வைகாசியில் ஒரு நாள் அன்புமொழி போன் செய்தாள். "அண்ணே, ஒங்கள வரச் சொல்றாக. அந்த போல்ட்ட எடுத்துக்கிட்டு வரணுமாம்." போல்ட் என் கல்லாப்பெட்டியில்தான் கிடந்தது. போனேன். இரண்டு கையும் மடியில் கிடக்க, ஜன்னலோரம் சாய்வு நாற்காலியில் இருந்தான். ஸ்டிக் சுவரில் சாத்தியிருந்தது.

"அதுல திருகி மாட்டு. பாதியா நிக்கிதுடா, பாக்க நல்லால்ல."

மாட்டினேன். மடியில் வைக்கச் சொன்னான். வைத்தேன். தொடைமேல் குறுக்காகக் கிடந்த அதைக் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் வைத்திருந்தான்.

"ஐந்நூத்திப் பத்து," என்றான். "சரியா இருக்கு."

அன்புமொழி அடுப்பங்கரைக்குள் போய்விட்டாள்.

"மாப்ள, என் கையத் தூக்கிப் பாரு."

"எதுக்குடா?"

"தூக்குடா. எனக்கு மலையாட்டம் கனக்குது. ஒனக்கு எப்படி இருக்குன்னு சொல்லு."

இரண்டு கையாலும் ஏந்தித் தூக்கினேன். பூ மூட்டைகளைச் சுண்டி எடுத்த அந்தக் கை, எலும்பும் தோலுமாக, சுலபமாக என் கையோடு மேலே வந்துவிட்டது. எடை தெரியாத என் கைக்கே அது தெரிந்தது.

"அப்படியேதான்டா இருக்கு," என்றேன். "நல்ல கனம்."

அவன் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தான்.

"ஒனக்கு என்னைக்குடா எடை தெரிஞ்சிச்சு?"

கையைத் திரும்ப அவன் மடியில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.