இறக்கத்துக்கு ஒரு கியர்பாக்ஸ்

என் தங்கை பிறந்தது தேயிலைக் கொழுந்து லொறியில். டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு இன்னும் இரண்டு மைல் இருக்கும்போது, கொழுந்துச் சாக்குகளுக்கு நடுவில் அம்மா அவளைப் பெற்றாள். அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி, வரிசை வீடுகளாய் இருக்கும் எங்கள் லயமே சிரிக்கும். அவளுக்கு 'லொறிக்காரி' என்றே பட்டப்பெயர். அவளும் சேர்ந்து சிரிப்பாள். ஆனால் ஏழு மாத வயிற்றோடு ஒருநாள் என்னிடம் வந்து, "அக்கா, எம் புள்ள அப்படிப் பொறக்கக் கூடாது. நீதான் என்னய ஒன் கார்ல கூட்டிட்டுப் போகணும்" என்றாள். அன்றைக்குச் சிரிக்கவில்லை.

நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். தோட்டத்தின் எங்கள் டிவிசனில் கார் வைத்திருப்பது நான் ஒருத்திதான். கார் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஜப்பானில் யாரோ ஓட்டித் தள்ளிவிட்ட, ஜீப் மாதிரி உயரமான ஒரு குட்டி வண்டி, ஓட்டோமெட்டிக் கியர். மழை பெய்தால் ஆம்புலன்ஸ் கீழே தொழிற்சாலையோடு நின்றுவிடும், ஆட்டோ பாதி வழியில் வழுக்கும். இந்தக் குட்டி மட்டும் கல் ரோட்டில் அடம்பிடித்து ஏறும். அந்தத் தைரியத்தில்தான் தங்கைக்கு வாக்குக் கொடுத்தேன்.

பிரசவத்துக்கு மூன்று வாரம் இருக்கையில் வண்டி படுத்துவிட்டது. எஞ்சின் உறுமுகிறது, சக்கரம் நகரமாட்டேன் என்கிறது. டிக்கோயாவிலிருந்து மெக்கானிக் வந்து, அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார்.

"கியர்பாக்ஸ் போயிருச்சு டீச்சர். இத பிரிச்சுச் செஞ்சா நிக்காது. பழசுல நல்லதா ஒண்ணு தேடிக் குடுங்க, மாட்டித் தாறேன். ஒயில் கறுத்து நாறுனா மட்டும் வாங்கிறாதீங்க."

எனக்கு வந்த கோபத்துக்கு உடனே ஓர் ஆள் தேவைப்பட்டது. தங்கையின் புருஷன் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறான். முந்திய வாரம் லீவில் வந்தவன், ஒரு சொந்தக்காரரைப் பார்க்க நோட்டன் பிரிட்ஜுக்கு என் வண்டியை எடுத்துக்கொண்டு போயிருந்தான். போனில் பிடித்துக் காய்ச்சினேன்.

"ஒரே நாள்தான் ஓட்டுன தம்பி, அதுக்குள்ள கியர்பாக்ஸ முடிச்சிட்ட. ஒம் பொண்டாட்டி லொறியில போகட்டும்னு விட்டுட்டியா?"

"நான் மெதுவாத்தான் ஓட்டுனேன் அக்கா" என்றான். போனை வைத்துவிட்டான். அதன் பிறகு அவன் எனக்குப் போன் எடுக்கவேயில்லை. தங்கையும் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும், இவளை லொறியில் ஏற்றப்போவதில்லை என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

ஹட்டனில் இரண்டு கடை ஏறி இறங்கினேன். ஒருவர் அந்த மாடலே தன்னிடம் இல்லை என்றார். மற்றவர் கொழும்பிலிருந்து வரவழைக்க ஒரு மாதம் ஆகும் என்றார். ஒரு மாதத்துக்கு எங்கே போவேன்? மூன்றாவதாக, டவுனுக்கு வெளியே பழைய வாகன உதிரிப்பாகம் விற்கும் ஒரு முஸ்லிம் நானாவின் யார்டுக்குப் போனேன். தகரக் கூரைக்கு அடியில் கழுவித் துடைத்து மினுங்கிய ஒரு கியர்பாக்ஸைக் காட்டினார்.

"இது உங்கட வண்டிக்கு அப்படியே சரி வரும். கொண்டு போங்க டீச்சர்."

கொழுந்து எடுக்கிற வீட்டில் பிறந்தவள் நான். நிறுக்கும்போது தராசு முள்ளை விட்டுக் கண்ணை எடுத்தால் இரண்டு கிலோ காணாமல் போகும். அம்மா கூடையை இறக்கிவிட்டுப் பக்கத்து ஆளோடு கதை பேசி நான் பார்த்ததே இல்லை. முள் நிற்கும் வரை நின்றுதான் வீட்டுக்கு வருவாள்.

"ஒயில் பாக்கணும் நானா" என்றேன்.

"அதெல்லாம் வடிச்சாச்சே."

"அடியில கொஞ்சமாவது தேங்கி இருக்கும். சாச்சுக் காட்டுங்க."

அவர் முகம் சுளித்தார். நான் கைக்குட்டையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். சாய்த்ததும் நாலு சொட்டு விழுந்தது. கரி மாதிரி கறுப்பு, அடிப்பிடித்த பால் போல ஒரு நாற்றம். கைக்குட்டையை அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன்.

"டீச்சர் லேசுப்பட்ட ஆளில்ல" என்று சிரித்துவிட்டு, யார்டின் பின்பக்கம் கூட்டிப்போனார். ஜப்பானிலிருந்து முன்பாதியாக வெட்டி இறக்கிய வண்டி ஒன்று அங்கே கிடந்தது. எஞ்சினோடு கியர்பாக்ஸ் இன்னும் பிரிக்காமல் இருந்தது. ஓடவிட்டுக் காட்டாமல் வாங்கமாட்டேன் என்றேன். பெற்றரி தேடி, பெற்றோல் ஊற்றி, மழைத் தூறலில் ஒரு மணி நேரம் ஆயிற்று. நான் நகரவில்லை. எஞ்சின் பிடித்தது. அவர் ரிவர்ஸில் போட்டார், டிரைவில் போட்டார், இரண்டும் உதறாமல் விழுந்தன. அளவுக் கம்பியை இழுத்து ஒயிலைக் காட்டினார். தெளிவான சிவப்பு.

"இதுதான் வேணும்" என்றேன்.

கியர்பாக்ஸைக் கழற்றிக் கயிற்றால் கட்டிக்கொண்டிருக்கும்போது நானா சாதாரணமாகக் கேட்டார். "பழசு எப்படிப் போச்சு?"

"தங்கச்சி புருஷன் கெடுத்துட்டான்."

"நீங்க மேல தோட்டத்துல இருந்துதானே வாறீங்க? இறக்கத்துல நியூட்ரல்ல விடுறதா?"

"ஆமா. பெற்றோல் மிச்சமாகுமே. இங்க எல்லாரும் அப்படித்தானே?"

அவர் கயிற்றை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "அது கையால கியர் போடுற வண்டிக்காரங்கட பழக்கம் டீச்சர். ஓட்டோமெட்டிக்ல ஓடஓட நியூட்ரல் போட்டு, திரும்ப டிரைவுக்குத் தட்டுனா உள்ள எல்லாம் கருகிரும். ஒரு நாள்ல போற வேலையில்ல இது. எத்தன வருஷமா விடுறீங்க?"

பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலத்திலிருந்து விடுகிறேன். தொழிற்சாலை வளைவிலிருந்து மெயின் ரோடு வரை, தினமும். வரிசை போன பிறகும் கை அந்தப் பழக்கத்தை விடவில்லை. சிக்கனக்காரி என்று என்னை நானே மெச்சிக்கொண்டதும் உண்டு. யார்டில் நின்ற இடத்திலேயே எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

மெக்கானிக் இரண்டு நாளில் மாட்டித் தந்தார். அன்று மாலையே தங்கையைப் பக்கத்தில் உட்கார வைத்து, அவள் போனிலிருந்தே அவனைக் கூப்பிட்டேன்.

"தம்பி, கெடுத்தது நான்தான். ஒன்மேல பழியப் போட்டுட்டேன். தப்பு என்னுது."

"விடுங்க அக்கா. அவள பத்திரமா கூட்டிட்டுப் போங்க, அது போதும்" என்றான். எப்படிக் கெடுத்தேன் என்று தங்கை விடாமல் கேட்டாள். நியூட்ரல் கதை முழுவதையும் சொன்னேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

டாக்டர் சொன்ன தேதிக்கு நாலு நாள் முன்பு, காலையில் பெரட்டுக் களத்தில் பேர் வாசித்து ஆட்களை வேலைக்குப் பிரிக்கிற நேரத்தில், அவளுக்கு வலி எடுத்தது. நல்ல மழை. கொழுந்து லொறி வாசலிலேயே நின்றது. டிரைவர் இறங்கி வந்து, "ஏத்துங்க டீச்சர், நான் கொண்டு போறேன்" என்றார். நல்ல மனிதர்தான். "வேணாம்ணே" என்று சொல்லிவிட்டுத் தங்கையைப் பின்சீட்டில் படுக்க வைத்தேன்.

கல் ரோட்டில் வண்டி உதறாமல் இறங்கியது. தொழிற்சாலை வளைவு வந்தது. எனக்குப் பயம், அவசரம், கண்ணாடியில் மழை. இடது கை தன்பாட்டில் கியர்த் தண்டுக்குப் போயிற்று.

அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தவள் பின்னாலிருந்து கத்தினாள்.

"அக்கா, கைய எடு!"

எடுத்தேன். ஆஸ்பத்திரி வாசல் வரை இரண்டு கையும் ஸ்டியரிங்கில்தான் இருந்தன. தங்கை மகள் ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான் பிறந்தாள்.