கூடாரப் பைகள்

சுனாமிக்கு அடுத்த கிழமை, ஜேர்மனியின் கொலோன் நகரில் ஒரு மண்டபத்தில் ஊருக்கு அனுப்பப் பழைய கூடாரங்களைச் சேர்த்தோம். ஒவ்வொரு பையிலும் கம்பி, ஆணி எல்லாம் இருக்கிறதா என்று பார்த்து, மேலே 'சரி' என்று எழுதுவது என் வேலை.

அங்கே உதவிக்கு நின்ற ஓர் அண்ணை தினமும் போகும்போது ஒரு பையைத் தன் காரில் ஏற்றினார். திருப்பிக் கொண்டுவரவேயில்லை.

"என்ன அண்ணை, கோடைக்கு ரைன் ஆத்தங்கரையில குடியிருக்கப் போறியளோ?" என்று கேட்டேன்.

"உன்ர வேலையைப் பார் தம்பி."

அவர் சிரிக்கவில்லை. கள்ளன்தான் என்று முடிவு கட்டினேன். நாலாம் நாள் பின்னேரம் அவர் வீட்டுக்கே போனேன். அவர் மனைவி கதவைத் திறந்தார்.

"குனிஞ்சு வாரும். சோபா பல்கனியில கிடக்கு."

வரவேற்பறை நடுவே ஒரு கூடாரம் ஒரு பக்கம் சரிந்து நின்றது. அண்ணை அதற்குள்ளிருந்து தலையை நீட்டினார்.

"நாலையும் அடிச்சுப் பாத்தன். ரெண்டுக்குக் கம்பி காணாது. எல்லாத்திலயும் 'சரி' எண்டு நீதான் எழுதியிருக்கிறாய். திறந்து பாத்தனியோ?"

"பாத்தனான் அண்ணை."

"மழைக்கு சனம் இதுக்குள்ளதான் படுக்கப்போகுது. திறந்து பாத்தனியோ?"

பையைத் தூக்கிப் பார்ப்பேன். பாரமாக இருந்தால் 'சரி'. அதைச் சொன்னேன். விடிந்தால் லொறி ஹம்பேர்க் துறைமுகத்துக்குப் புறப்பட்டுவிடும்.

"வாங்கோ அண்ணை, இப்பவே எல்லாத்தையும் திறந்து பாப்பம். மண்டபத் திறப்பு என்னட்டக் கிடக்கு," என்று சாவியை எடுத்தேன்.

அவர் கையை நீட்டினார்.

"திறப்பை இஞ்ச தா. நீ பையை அவிழ். பாக்கிறது நான்."