நான் துடைத்த மூளை

வவுனியாவில் ஓர் ஆய்வுகூடத்தில் எனக்குத் துப்புரவு வேலை. அழுக்கைக் கண்டால் என் கை சும்மா இருக்காது. ஒருநாள் மேசையில் கிடந்த கண்ணாடித் தகட்டைப் பளபளவென்று துடைத்து வைத்தேன். ஆராய்ச்சி செய்யும் மிஸ் மூன்று வாரம் பாடுபட்டுச் சாயமேற்றிக் காயவைத்திருந்த எலி மூளைச் சீவல் அது.

வேலை போச்சு என்று நின்றேன். அவர் திட்டவில்லை. இன்னொரு தகட்டை நுணுக்குக்காட்டியில் வைத்துக் காட்டினார்.

"சிலந்தி மாதிரிக் கிடக்கு, மிஸ்."

"மூளைக்குக் காவல் நிக்கிற உயிர்க்கலங்கள், அண்ணை. உள்ளுக்குக் கிடக்கிற குப்பையையும் இவைதான் துப்புரவாக்கிறவை."

"அப்ப என்ர ஆக்கள்."

"ஓம். ஆனா இவை தொட்டுப் பாத்திட்டுத்தான் துடைப்பினம்."

அந்தக் கலங்களின் நிதானமும், மறுபடி முதலிலிருந்து சீவத் தொடங்கிய மிஸ்ஸின் பொறுமையும் எனக்கு வராது. ஆனால் இப்போது, குடித்து முடித்த தேநீர்க் கோப்பையைக்கூட, "மிஸ், இது அழுக்கோ?" என்று கேட்டுவிட்டுத்தான் எடுக்கிறேன்.