ரெண்டு விரக்கடை

காலியாக இருக்கும் வீட்டின் கதவையும் சாவி அக்கா இரண்டு முறை தட்டிவிட்டுத்தான் திறக்கிறார். தட்டிய பிறகு கதவருகே காதைக் கொண்டுபோய்ச் சற்று நேரம் நிற்கிறார். அதற்கப்புறம்தான் மூக்குக்கண்ணாடிக் கூட்டிலிருந்து சாவி வெளியே வருகிறது. கண்ணாடி எந்நேரமும் நெற்றியிலேயே இருப்பதால் கூடு சாவிகளுக்கு ஆகிவிட்டது.

"உள்ளதான் யாரும் இல்லையே அக்கா?" என்று கேட்டேன்.

"இல்லன்னுதான் தெரியும் தம்பி. போன வருஷமும் அப்படித்தான் நெனச்சேன். தொறந்தா ஒருத்தர் துண்டோட நிக்கிறாரு. காலி பண்ற தேதிய மறந்துட்டாராம். அவரு மானமும் போச்சு, என் மானமும் போச்சு."

தீம் பார்க்கிலிருந்து காரில் பத்து நிமிடத் தொலைவில், ஒரே அச்சில் வார்த்தது போல நான்கு வில்லாக்கள் நிற்கும் சந்து அது. உரிமையாளர்கள் எங்கோ இருக்கிறார்கள். விடுமுறைக்கு வாடகைக்கு எடுத்து வருகிற குடும்பங்களுக்குச் சாவி கொடுப்பது, அவர்கள் போன பிறகு கூட்டித் துடைப்பது, படுக்கை விரிப்பு மாற்றுவது, நீச்சல் குளத்தில் விழுந்த இலையை எடுப்பது எல்லாம் இவர் ஒருவர்தான். ஐம்பத்தைந்து வயது இருக்கும். குள்ளமான, உறுதியான உடம்பு. "மூணாம் நம்பர் கொஞ்சம் முரடு, கதவ தோளால இடிக்கணும். நாலாம் நம்பர் சாது" என்று வீடுகளைப் பற்றிச் சொல்லும்போது பெற்ற பிள்ளைகளைப் பற்றிப் பேசுகிற குரல் வந்துவிடுகிறது. எங்களுக்கு வாய்த்தது முரடு.

நாங்கள் ஐந்து பேர். நான், மனைவி, பத்து வயது மகள், ஆறு வயது மகன், மனைவியின் தம்பி. பெட்டிகளை இறக்குவதற்குள் அக்கா விசாரணையை ஆரம்பித்துவிட்டார்.

"உங்கள்ல முதல்ல எந்திரிக்கிறது யாரு?"

எல்லோரும் என்னைக் கை காட்டினார்கள்.

"அப்ப சமையல்கட்டு பக்கத்து ரூமு உங்களுக்கு. விடியக்காலம் மாடியில தொம்மு தொம்முன்னு நடந்தீங்கன்னா வீடே எந்திரிச்சுக்கும். அப்புறம் மத்தியானம் பார்க்குல நடுவழியில புள்ளைங்க தூங்கும். தூக்கிட்டு நடக்கிறது யாரு? நீங்கதான்."

இப்படித்தான் அவருடைய யோசனைகள் எல்லாமே ஒரு மிரட்டலோடு முடியும். பார்க்கின் வாசலிலேயே இருக்கிற முதல் ராட்டினத்தில் ஏறக் கூடாது, கேட் திறந்ததும் நேரே கடைசி மூலைக்குப் போய் அங்கிருந்து திரும்பி வர வேண்டும், இல்லையென்றால் "வரிசையிலயே கல்யாண நாள் கொண்டாடுவீங்க." புதுச் செருப்பு, புது ஷூ எதுவும் கூடாது. காலையில் கிளம்பும்போது பிள்ளைகளை வாசலில் நிறுத்தி ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும். காணாமல் போனால், என்ன சட்டை போட்டிருந்தான் என்று அம்மா ஒரு நிறமும் அப்பா ஒரு நிறமும் சொல்வார்களாம். இரண்டாம் நாள் பார்க் பக்கமே தலை வைக்கக் கூடாது. குளத்தில் கிடக்க வேண்டும். "ரெண்டாம் நாளும் போனீங்கன்னா மூணாம் நாள் புருஷன் பொண்டாட்டி சண்ட. நான் எத்தன பார்த்துட்டேன்!" என் மனைவி அரிசி மூட்டையைப் பிரிப்பதைப் பார்த்ததும் இடுப்பில் கை வைத்துக்கொண்டார். "ஏம்மா, லீவுக்கு வந்தும் அடுப்படியா? ஒரு வேள சமைங்க போதும். மத்ததுக்கு ரொட்டியும் முட்டையும் இருக்கு, உங்க தம்பிக்குக் கையும் இருக்கு."

கடைசியாக இடுப்பிலிருந்து ஓர் இரும்பு டேப்பை உருவினார். தச்சர்கள் வைத்திருப்பது. சமையலறை வாசல் நிலையில் பிள்ளைகளை ஒவ்வொருவராக, ஷூவோடு, முதுகு ஒட்ட நிற்கச் சொன்னார். மகள் தாராளமாகத் தேறினாள். மகன் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றான். எட்டு மாதமாக அவன் பேச்சு முழுக்க, மேலேறிக் கீழே பாயும் அந்தப் பார்க்கின் மலை ரயில்தான். பள்ளி நோட்டுகளின் கடைசிப் பக்கத்தில் எல்லாம் அதைத்தான் வரைந்திருந்தான்.

"மலை ரயிலுக்கு நூத்தி இருபது சென்டிமீட்டர் வேணும். நீ நூத்திப் பதினேழு இருக்க. ரெண்டு விரக்கடை குறையுது ராஜா."

என் மனைவி என்னை முறைத்தாள். இந்த உயரக் கணக்கை நான் முன்பே பார்த்திருக்க வேண்டும்.

"அழணும்னா இங்கயே அழுதுடு. இங்க எடம் இருக்கு. அங்க ரெண்டு மணி நேரம் நின்னுட்டு அழுதா, பின்னாடி நிக்கிறவங்க எல்லாம் வேடிக்க பார்ப்பாங்க" என்றார் அக்கா.

அவன் அழவில்லை. "நாளைக்கு வளந்துடுவேனா?" என்று கேட்டான்.

"நாளைக்கு மாட்ட."

எங்களில் ஒருவருக்கும் அதைச் சொல்லும் தைரியம் வந்திருக்காது.

அக்கா போன பிறகு மச்சினன் என்னைத் தனியே கூப்பிட்டான். "அத்தான், ரெண்டு விரக்கடை எல்லாம் ஒரு விஷயமா? ஷூவுக்குள்ள அட்டை வெச்சா ஆச்சு." பிஸ்கட் வந்த அட்டைப் பெட்டியை நறுக்கி, மடித்து, ஷூவின் உள் அடிக்குக் கீழே திணித்தோம். நான்தான் கத்தரிக்கோல் பிடித்தேன். போட்டுப் பார்த்துவிட்டு மகன் என் கழுத்தைக் கட்டிக்கொண்டான். அந்தக் கட்டிக்கொள்ளலுக்காக இன்னும் நாலு பெட்டியை நறுக்கியிருப்பேன்.

மறுநாள் காலை துண்டு கொடுக்க அக்கா வந்தார். மகன் கூடத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து பழகிக்கொண்டிருந்தான்.

"இவன் ஏன் கோழி மாதிரி நடக்குறான்?" என்றார். அவர் ஷூவைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். "குளத்துல எத்தன இலை விழுந்திருக்குன்னு ஜன்னல் கண்ணாடி வழியா எண்ணிட்டு வா ராஜா" என்று அவனை அனுப்பினார்.

"அந்த ரயிலடியில அளவுக் குச்சிய புடிச்சிட்டு நின்னது நான்தான் தம்பி. ஏழு வருஷம்."

மேசையில் கிடந்த கத்தரிக்கோலை எடுத்து இழுப்பறைக்குள் போட்டேன்.

"மேல வந்து பூட்டிக்குமே ஒரு கம்பி, அதுக்குத்தான் அந்த அளவு. கம்பி புள்ள இடுப்புல வந்து உக்காரணும். குள்ளமா இருந்தா உக்காராது. நடுவுல சந்து விழும்." கைத்துண்டை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டே பேசினார். "ஒரு பொண்ணு வந்துச்சு. அன்னிக்கு அதுக்குப் பொறந்த நாள். அப்பாக்காரரு கெஞ்சுறாரு. ஒரே ஒரு விரல்தான் குறைச்சல். நான் குச்சிய லேசா எறக்கிப் புடிச்சு, 'சரி, போ'ன்னுட்டேன். ரயில் கிளம்பின பெறகுதான் எனக்குப் புத்தி வந்துச்சு. மூணு நிமிஷம் தம்பி. அந்தப் பொண்ணு உக்காந்த பெட்டியவே பார்த்துட்டு நின்னேன்."

"ஏதாவது ஆயிடுச்சா?"

"ஒண்ணும் ஆகல. சிரிச்சிக்கிட்டே எறங்கி, எனக்கு டாட்டா காட்டிட்டுப் போச்சு. அன்னிக்குச் சாயங்காலமே குச்சிய குடுத்துட்டு வந்துட்டேன்."

"ஒண்ணும் ஆகலையே அக்கா, அப்புறம் ஏன்?"

"அதனாலதான். ஒண்ணும் ஆகலன்னா அடுத்த புள்ளைக்கும் எறக்கிப் புடிப்பேன். என் கைய நானே நம்ப முடியாம போச்சு."

மகன் ஓடி வந்து, "பதினாலு இலை" என்றான். நான் அவனை நாற்காலியில் உட்கார வைத்து, ஷூவைக் கழற்றி, அட்டையை வெளியே எடுத்தேன். ஏன் என்று கேட்டான். இன்னும் கொஞ்சம் வளர்ந்த பிறகு ஏறலாம், இந்த முறை முடியாது, அட்டை வைத்தது என் தப்பு என்று சொன்னேன். சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மச்சினன் மெல்ல மாடிக்கு நழுவினான்.

இப்போது அழுதான். சமையலறைத் தரையில் குப்புறப் படுத்துக் காலை உதைத்து அழுதான். என் மனைவி தூக்கப் போனாள். அக்கா கை காட்டித் தடுத்துவிட்டு, ஈரத் துடைப்பத்தை எடுத்து அவனைச் சுற்றித் தரையைத் துடைக்க ஆரம்பித்தார். அவன் கிடந்த இடம் மட்டும் உலர்ந்த தீவு போலத் தெரிந்தது.

"முடிஞ்சுதா? இன்னும் இருக்கா?"

"இன்னும் கொஞ்சம் இருக்கு" என்றான் விசும்பிக்கொண்டே.

"சரி, முடிச்சுக்கோ. நான் ஹாலுக்குப் போய்ட்டு வரேன்."

திரும்பி வந்தபோது அவன் எழுந்து உட்கார்ந்திருந்தான். அவனை விட்டுவிட்டு என்னிடம் சொன்னார். "மலை ரயில் ஸ்டேஷனுக்குப் பின்னாடி ஒரு வாத்துப் படகு இருக்கு. பெரிய வரிசைக்கு மறைவா இருக்கிறதால யாரு கண்ணுலயும் படாது. எத்தன தடவ வேணா ஏறலாம். ரயிலு அதுக்கு மேலதான் போவும். மத்தவங்க அதுல போறப்ப நீங்க இவனோட இருங்க."

அப்படியே செய்தோம். மகளும் மச்சினனும் மலை ரயில் வரிசையில் நின்ற ஒன்றரை மணி நேரத்தில் நானும் மகனும் வாத்துப் படகில் பதினோரு முறை சுற்றினோம். முதல் இரண்டு சுற்றில் அவன் தன் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தான். மூன்றாவது சுற்றில் ரயில் தலைக்கு மேல் கடகடத்துப் போனபோது அண்ணாந்து பார்த்தான். நாலாவது சுற்றிலிருந்து துடுப்பு அவன் கையில். பதினோராவது சுற்றில் மேலிருந்து ஒரு பெரிய அலறல் கேட்டது. "மாமா!" என்று கண்டுபிடித்துக் கைகொட்டிச் சிரித்தான். இறங்கி வந்த மச்சினன் வெளிறிப்போய் ஒரு பெஞ்சில் படுத்துவிட்டான். மத்தியானச் சாப்பாடு அவனுக்கு இறங்கவில்லை. மகள் மட்டும் இன்னொரு முறை போகலாமா என்று கேட்டாள்.

அடுத்த நாள் முழுவதும் குளத்தில் கிடந்தோம். மூன்றாம் நாள் பார்க்குக்குப் போய்விட்டு வந்தோம். சண்டை வரவில்லை.

கிளம்புகிற அன்று காரில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தேன். மகன் மாடிப்படியின் கீழ்ப்பகுதியில், நாலாவது படியில் உட்கார்ந்து அக்காவிடம் படகுக் கதையை மூன்றாவது முறையாகச் சொல்லிக்கொண்டிருந்தான். நின்றுகொண்டு கேட்டவர், கையிலிருந்த வாளியைச் சுவரோரம் வைத்தார். அவன் பக்கத்திலேயே உட்கார இடம் இருந்தது. அவர் இரண்டு படி கீழே உட்கார்ந்து, தலையைத் தூக்கி அவனைப் பார்த்து, "அப்புறம்?" என்றார்.